ஆறே இல்லாத இடத்தில் மில் எப்படி வந்தது?

கேள்வி இதுதான். அமெரிக்காவில் நகரத்தை விட்டுத் தள்ளிக் குடியிருக்கும் ஒருவர், வீட்டுப் பக்கத்துச் சாலைக்கு 'ஸ்டீம் மில் ரோடு' என்று பெயர் இருப்பதைப் பார்த்து அந்தக் கவுண்டியின் வரலாற்றுப் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். "இங்கே நீராவியில் ஓடிய மர அறுவை மில்லும் மாவு மில்லும் இருந்தன" என்று ஒரே ஒரு வரி கிடைத்திருக்கிறது. பக்கத்தில் ஆறு இல்லை, அணை இல்லை, மில் கட்டடமும் இல்லை. மரம் அறுப்பதற்கும் மாவு அரைப்பதற்கும் என்ன சம்பந்தம், இரண்டையும் ஏன் ஒரே கூரையில் வைத்தார்கள், வந்த சுவடு தெரியாமல் எங்கே போயின என்று கேட்கிறார்.

சம்பந்தம் விறகில் இருக்கிறது. மரம் அறுக்கிறவனிடம் வேண்டாத விறகு மலைபோலக் குவியும். நீராவி இஞ்சினுக்கு வேண்டியது விறகு. விறகுக்குச் செலவில்லாமல் ஓடும் இஞ்சின் ஒன்று கையில் இருந்தால், அதில் இன்னொரு பெல்ட்டை மாட்டி ஊராரின் மக்காச்சோளத்தையும் அரைத்துக் கொடுக்கலாம். அவ்வளவுதான் ஆதாரக் கணக்கு. ஆனால் அந்தக் கணக்குக்கு முன்னும் பின்னும் நூறு வருடக் கதை இருக்கிறது.

முதலில் தண்ணீர் மில்லைப் பார்த்துவிடுவோம். அமெரிக்கக் கிராமம் என்றாலே பழங்காலத்தில் தண்ணீர் மில்தான். 1840 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 31,000-க்கும் மேல் மர அறுவை மில்கள், 23,000-க்கும் மேல் மாவு மில்கள் பதிவாகியிருக்கின்றன. மிகப் பெரும்பாலானவை ஓடையையும் சிற்றாற்றையும் மறித்துக் கட்டியவை. அப்போதே இரண்டு வேலையையும் ஒரே அணையின் கீழ் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது. அணை கட்டுவது பெரும் செலவு. கட்டியபின் ஒரு சக்கரம் சுற்றினால் என்ன, இரண்டு சுற்றினால் என்ன? ஆகவே நீராவி இந்த ஜோடியைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே சேர்ந்து வாழ்ந்த ஜோடியைக் காட்டுக்குள் குடியேற்றியது.

தண்ணீர் மில்லின் தொல்லை எல்லோருக்கும் தெரிந்ததே. கோடையில் ஓடை வற்றும், வடக்கே குளிர்காலத்தில் உறையும், வசந்தத்தில் வெள்ளம் வந்து அணையை அடித்துக்கொண்டு போகும். அணையால் மேல்பக்கத்து நிலம் மூழ்கும். பக்கத்து நிலக்காரரோடு வழக்கு வரும். மாசசூசெட்ஸ் காலனி 1714-லேயே இதற்கென்று தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், நல்ல நீர்வீழ்ச்சியுள்ள இடங்கள் எண்ணி எடுத்தாற்போலத்தான் இருந்தன. முதலில் வந்தவன் பிடித்துக்கொண்டான். பின்னால் வந்தவன் மேட்டு நிலத்தில், நல்ல மரக்காட்டுக்கு நடுவில், அறுக்க வழியில்லாமல் நின்றான்.

ஓடையே இல்லாத மேட்டில் மில் எப்படி ஓடியிருக்கும் என்கிற உங்கள் சந்தேகத்தை ஒரு சின்னக் கணக்கால் தீர்த்துவிடலாம். 20 குதிரைத்திறன் வேண்டும் என்று வையுங்கள். ஒரு சின்ன மில்லுக்கு இது பொருத்தமான அளவு. 12 அடி உயரத்திலிருந்து விழும் நீரில், 60 சதவீதத் திறனுள்ள சக்கரத்தை வைத்து இதை எடுக்க வேண்டுமென்றால், நொடிக்கு ஏறக்குறைய 690 லிட்டர் நீர் பாய வேண்டும். அதே 20 குதிரைத்திறனை நீராவியில் எடுத்தால்? 1876 பிலடெல்பியா கண்காட்சியின் சோதனைகளில் ஒரு வரையறை வைத்தார்கள்: மணிக்கு 30 பவுண்ட் நீரை ஆவியாக்கினால் அது ஒரு பாய்லர் குதிரைத்திறன். அந்தக் கணக்கில் பத்து மணி நேர வேலைக்கு 6,000 பவுண்ட், அதாவது சுமார் 2,700 லிட்டர். தண்ணீர்ச் சக்கரம் நான்கே நொடியில் விழுங்கும் நீர் பாய்லருக்கு ஒரு முழு நாளுக்குப் போதும். தேய்ந்த பழைய இஞ்சின் இரண்டு மடங்கு குடித்தாலும் எட்டு நொடி நீர்தான். ஒரு கிணறு போதும், ஒரு ஊற்று போதும். உங்கள் சாலையோரம் ஆறு இல்லாததற்கு இதுவே விளக்கம்.

நீராவி மாவு மில் முதலில் பேர் வாங்கியது லண்டனில். 1786-ல் பிளாக்ஃப்ரையர்ஸ் பாலத்தருகே, போல்ட்டன்–வாட் கம்பெனியின் இஞ்சின்களோடு ஆல்பியன் மில் திறந்தது, 1791-ல் எரிந்துபோனது. அது நகரத்து ராட்சசன். கிராமத்து மில்லின் மூதாதையைத் தேடினால் டெலாவேரில் பிறந்த ஆலிவர் எவன்ஸிடம்தான் போய் நிற்போம். தானியத்தை மனிதக் கை படாமல் தூக்கி, அரைத்து, ஆற்றி, சலிக்கும் தானியங்கி மாவு மில்லை வடிவமைத்து 1790-ல் காப்புரிமை வாங்கிய அதே மனிதர், பிற்பாடு உயர் அழுத்த நீராவி இஞ்சினில் இறங்கினார். ஜேம்ஸ் வாட்டின் இஞ்சின் பெரியது, கனமானது, குளிரவைக்கும் கலன், காற்று பம்பு என்று உறுப்புகள் அதிகம். எவன்ஸின் உயர் அழுத்த இஞ்சின் சின்னது, எளியது. வேலை முடிந்த நீராவியை அப்படியே வெளியே விட்டுவிடும். எரிபொருளை அதிகம் தின்னும். ஆனால் காடு தலைக்கு மேல் நிற்கிற நாட்டில் எரிபொருளைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

எவன்ஸ் படகு ஒன்றுக்காக நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பிய இஞ்சினின் கதை எனக்கு மிகப் பிடித்தது. 1800-களின் தொடக்கம். மிசிசிப்பியின் வெள்ளம் படகைக் கரையில் தூக்கிப் போட்டுவிட்டு வடிந்துவிட்டது. படகு நகரவில்லை. கையில் இருக்கும் இஞ்சினை என்ன செய்வது? மர அறுவை மில்லில் மாட்டினார்கள். 12 மணி நேரத்தில் 3,000 அடி பலகை அறுத்ததாக எவன்ஸ் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். கொஞ்ச காலத்தில் அந்த மில் தீவைக்கப்பட்டு எரிந்தது. கையால் அறுத்துப் பிழைத்தவர்கள் மேல்தான் சந்தேகம் விழுந்தது.

அதற்குப் பிறகும் பரவல் மெதுவாகத்தான் நடந்தது. 1838-ல் அமெரிக்கக் கருவூலச் செயலர் லெவி உட்பரி நாட்டிலுள்ள நீராவி இஞ்சின்களை எண்ணச் சொன்னபோது, படகையும் ரயிலையும் நீக்கினால் 2,000-க்கும் குறைவாகவே தேறின. அடுத்த முப்பது வருடத்தில் நிலைமை தலைகீழ். 1870 கணக்கெடுப்பில் தொழில்களில் ஓடிய நீராவித் திறன் 12 லட்சம் குதிரைத்திறனைத் தாண்டி, தண்ணீர்த் திறனை முதன்முறையாக முந்தியது. நடுவில் நடந்தது இஞ்சினுக்குக் கால் முளைத்ததுதான். 1849-ல் பிலடெல்பியாவின் ஆர்ச்சம்போ, சக்கரம் வைத்து இழுத்துப்போகும் இஞ்சினை விற்கத் தொடங்கினார். பென்சில்வேனியாவில் ஃப்ரிக், ஃபார்க்வார், விஸ்கான்சின் ரசீனில் கேஸ் (அவர்களது முதல் நீராவி இஞ்சின் 1869) என்று கம்பெனிகள் வரிசைகட்டின. சின்சினாட்டியின் லேன் அண்ட் பாட்லி மாதிரியானவர்கள் ரம்பத்தையும் சட்டத்தையும் கழற்றி மாட்டும் செட்டாகவே விற்றார்கள். வண்டிக் குதிரை இழுத்துப்போகும் அளவுக்கு ஒரு தொழிற்சாலை சுருங்கிவிட்டது.

மில்லுக்குள் என்ன இருந்தது? நீளமான கொட்டகை, பெரும்பாலும் சுவரில்லாமல் கூரை மட்டும். ஒரு கோடியில் பாய்லர். அதையொட்டி ஒற்றை சிலிண்டர் இஞ்சின், பக்கத்தில் ஆள் உயர ஃப்ளைவீல். அதிலிருந்து தோல் பெல்ட் ஒன்று பிரதான ஷாஃப்ட்டுக்கு, அதாவது சுழலும் நீண்ட இரும்புத் தண்டுக்குப் போகும். அந்த ஷாஃப்ட்டில் வெவ்வேறு அளவில் புல்லிகள்: பெரியதிலிருந்து ரம்பத்துக்கு ஒரு பெல்ட், இன்னொன்றிலிருந்து கொட்டகையின் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் அரவைக்கல்லுக்கு. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் என்று நினைத்துவிடாதீர்கள். ரம்பம் பெரிய கட்டையைக் கடிக்கும்போது இஞ்சின் மூச்சுத் திணறும்; கட்டை முடிந்ததும் துள்ளி ஓடும். கவர்னர் (இஞ்சினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) எவ்வளவு பாய்ந்து சரிசெய்தாலும் வேகம் ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அரவைக்கல்லுக்கு இந்த ஆட்டம் ஆகாது. வேகம் கூடினால் மாவு சூடேறிப் பாழாகும், குறைந்தால் நொய்யாக விழும். அதனால் பல ஊர்களில் வாரம் முழுக்க மரம், சனிக்கிழமை மாவு என்று வழக்கம் வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை காலையில் பாய்லரைப் பற்றவைப்பதும் வாரமெல்லாம் குவிந்த மரத்துண்டுகளால்தான்.

விவசாயிக்கும் இது வசதி. குளிர்காலத்தில் பனிமேல் சறுக்கு வண்டியில் கட்டையைக் கொண்டுவந்து போடுவான்; பலகையை எடுக்க வரும் அன்றைக்கே மூட்டை சோளத்தையும் ஏற்றிக்கொண்டு வருவான். ஒரே நடையில் இரண்டு வேலை.

ரம்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊரின் பழைய பலகைகளில் இந்த வரலாறு எழுதியே இருக்கிறது. தண்ணீர் மில்களில் இருந்தது சட்டத்தில் மாட்டி மேலும் கீழும் ஏறி இறங்கும் நேர் ரம்பம். நாள் முழுக்க அறுத்தால் 500 முதல் 1,000 போர்டு அடி. (ஒரு போர்டு அடி என்பது ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குல கனம்.) நீராவியோடு சேர்ந்து வந்தது வட்ட ரம்பம். இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பவர் 1777-லேயே வட்ட ரம்பத்தைக் குறிப்பிட்டுக் காப்புரிமை வாங்கியிருந்தாலும், பெரிய கட்டைகளைப் பிளக்க அது ஊருக்கு ஊர் பரவியது 19-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். அதே ஒரு நாளில் சில ஆயிரம் அடி, கை தேர்ந்த குழு என்றால் 5,000-க்கும் மேல். பழைய களஞ்சியம் எதிலாவது பலகையைத் தடவிப் பாருங்கள். குறுக்கே நேர்கோடுகள் வரிசையாக இருந்தால் அது ஏறி இறங்கும் ரம்பம். வில்லாக வளைந்த கோடுகள் இருந்தால் வட்ட ரம்பம். அந்த வளைவை நீட்டி வரைந்தால் ரம்பத்தின் விட்டம்கூட ஏறக்குறையப் பிடிபடும்.

நீராவி இயந்திரக் கண்காட்சி ஒன்றில், இப்படிப்பட்ட ரம்பம் ஓடும்போது இருபதடி தள்ளி நின்றிருக்கிறேன். 54 அங்குல ரம்பம் நிமிடத்துக்கு 700 சுற்று சுற்றினால், பல் முனை நிமிடத்துக்குப் பத்தாயிரம் அடி வேகத்தில் போகும். மணிக்கு 180 கிலோமீட்டர்! தண்டவாளத்தில் ஓடும் வண்டிமேல் கட்டையை வைத்து, இரும்புக் கொக்கிகளை அடித்து இறுக்கினார்கள். ரம்பக்காரர் ஒரு நெம்புகோலைப் பிடித்திருந்தார். அவர் கை அரை அங்குலம் நகர்ந்தால் வண்டி முன்னே போகிறது, திரும்பி இழுத்தால் இரண்டு மடங்கு வேகத்தில் பின்னே ஓடிவருகிறது. முதல் வெட்டில் பட்டையோடு வளைந்த ஓரப் பலகை விழுந்தது. மறுபக்கம் நின்றவர் அதைத் தூக்கி நேரே பாய்லர் பக்கம் எறிந்தார். அதுதான் அடுத்த கட்டைக்கான விறகு. ரம்பக்காரர் கட்டையைப் பார்க்கவே இல்லை, காதால்தான் ஓட்டினார். இஞ்சினின் சத்தம் தடித்ததும் கையைத் தளர்த்தினார், தெளிந்ததும் தள்ளினார்.

அந்த ரம்பம் நின்றிருக்கும்போது பார்த்தால் தட்டையாக இருக்காது, நடுவில் லேசாகத் தொய்ந்திருக்கும். பழுது என்று நினைப்போம். வேண்டுமென்றே சுத்தியலால் தட்டி நடுவைத் தளர்த்தி வைத்திருப்பார்கள். முழு வேகத்தில் சுற்றும்போது விளிம்பு விசையால் விரியும். நடுவும் தளர்ந்திருந்தால்தான் இரண்டும் ஒத்துப்போய் ரம்பம் நேராக நிற்கும். இந்த வேலை தெரிந்த ஆளுக்கு எங்கேயும் மதிப்பு. பல்லும் ஒரு தலைவலி. மரத்துக்குள் புதைந்த ஆணி ஒன்று பட்டால் பல் போயிற்று, அரம் போட்டுப் போட்டு ரம்பமே சிறுத்துவிடும். கலிபோர்னியாவின் சாக்ரமென்டோவில் ஸ்பால்டிங் என்பவர் 1860-களின் தொடக்கத்தில், கழற்றி மாட்டும் பல்லை வளைந்த குழியில் பொருத்தும் முறையைக் கொண்டுவந்தார். அதன்பிறகு பட்டணத்துப் பட்டறைக்கு ரம்பத்தை அனுப்பாமல், ஒரு டப்பா பல்லை வைத்துக்கொண்டு நடுக்காட்டிலேயே காலம் தள்ள முடிந்தது.

கட்டணத்தில்தான் சூட்சுமம். கட்டையில் எத்தனை அடி பலகை தேறும் என்று முன்கூட்டியே சொல்லப் பல வாய்ப்பாடுகள் இருந்தன. 1825 வாக்கில் வந்த டாய்ல் வாய்ப்பாடு அதிகம் புழங்கியது: 16 அடி நீளக் கட்டைக்கு, விட்டத்தில் நான்கு அங்குலம் கழித்து மீதியை அதே எண்ணால் பெருக்கு. 12 அங்குலக் கட்டை என்றால் எட்டெட்டு அறுபத்து நான்கு அடி. உண்மையில் அதிலிருந்து 95 அடி வரை பலகை வரும். கட்டையை இந்த அளவில் வாங்கிப் பலகையை நேரில் எண்ணி விற்ற மில்காரனுக்கு, சின்னக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு சும்மா கிடைத்தது. காசில்லாத விவசாயிகள் பாதிப் பங்குக்கு அறுத்தார்கள். பலகையில் பாதி உனக்கு, பாதி எனக்கு.

மாவுப் பக்கம் கூலியும் தானியமாகவே. வர்ஜீனியா போன்ற மாநிலங்களில் மக்காச்சோளத்துக்கு எட்டில் ஒரு பங்கு என்று சட்டமே வரம்பு வைத்தது. ஒரு புஷல் மக்காச்சோளம் 56 பவுண்ட். மில்காரன் அதற்கென்று வைத்திருக்கும் மரக் குவளையால் ஏழு பவுண்டை அள்ளித் தன் பெட்டியில் கொட்டிக்கொள்வான். குவளை கொஞ்சம் பெரியது என்கிற முணுமுணுப்பு எந்த ஊரிலும் இல்லாமல் இருந்ததில்லை.

கற்களில் உயர்ந்தவை பாரிஸுக்குக் கிழக்கே லா ஃபெர்த்தே-சூ-ஜுவாரிலிருந்து கப்பலில் வந்த பிரெஞ்சு பர் கற்கள். துண்டு துண்டாக வந்ததைப் பொருத்தி இரும்புப் பட்டை அடித்து ஒரே கல்லாக்குவார்கள். அடிக்கல் அசையாது, மேல்கல் சுற்றும், இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. அம்மி கொத்துவது போலக் கல்லையும் அவ்வப்போது புரட்டிப் போட்டு, காடிகளை உளியால் கொத்திக் கூராக்க வேண்டும். நான்கடிக் கல் ஒரு டன்னுக்கு மேல் இருக்கும். சின்ன நீராவி மில்களில் இவ்வளவு பெரிய கல் அபூர்வம். இண்டியானாவின் நார்டைக் அண்ட் மார்மன் கம்பெனி மாதிரியானவர்கள் இரண்டடி, இரண்டரையடிக் கற்களை மரச்சட்டத்தில் பொருத்தி, பெல்ட் மாட்டினால் ஓடும்படி விற்றார்கள். (அந்தக் கம்பெனிதான் பின்னால் மார்மன் கார் செய்தது, 1911-ல் நடந்த முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஜெயித்தது அவர்கள் வண்டி.) ஆகவே 'மாவு மில்லும் இருந்தது' என்ற வரியைப் படித்ததும் மூன்று மாடிக் கட்டடத்தைக் கற்பனை செய்ய வேண்டாம். பெரும்பாலும் கொட்டகை மூலையில் ஒரு பெட்டி அளவு இயந்திரம்.

பாய்லருக்கு வருகிறேன். நான் பாய்லர் பக்கத்தில் வேலை பார்த்தவன் என்பதால் இதைச் சீக்கிரம் முடிக்க மனம் வராது. அந்த மில்களில் உயிர்போகும் இடம் ரம்பம் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். ரம்பம் ஒருவர் கையை எடுக்கும். பாய்லர் வெடித்தால் கொட்டகையே இருக்காது. 1866-ல் தொடங்கிய ஹார்ட்ஃபோர்டு பாய்லர் ஆய்வு மற்றும் காப்பீட்டு நிறுவனம் தன் பத்திரிகையில் மாதாமாதம் வெடிவிபத்துப் பட்டியல் போட்டுவந்தது. அதில் மர அறுவை மில்கள் தவறாமல் இடம்பிடித்தன.

காரணம் நுட்பமானதல்ல. எரியறைக்கு மேல் இருக்கும் தகட்டின்மேல் எப்போதும் தண்ணீர் நிற்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்ட் அழுத்தத்தில் அந்தத் தண்ணீர் ஏறத்தாழ 170 டிகிரி செல்சியஸ். நீர் மூடியிருக்கும்வரை தகடும் அதையொட்டிய சூட்டிலேயே இருக்கும். நீர்மட்டம் இறங்கித் தகடு வெளியே தெரிந்தால், கீழே நெருப்பு சூடேற்ற, மேலே ஆற்ற ஆளில்லை. தகடு பழுத்து, பலம் இழந்து, உள்வாங்கிக் கிழியும். அந்தக் கணமே அழுத்தம் விலக, உள்ளேயிருக்கும் வெந்நீரில் ஒரு பகுதி ஆவியாகப் பாயும். நீர் ஆவியானால் சாதாரண அழுத்தத்தில் 1,600 மடங்கு விரியும். "சிவந்த தகட்டில் பச்சைத் தண்ணீர் பட்டதால் வெடித்தது" என்று அந்தக் காலத்துச் செய்திகள் பாடும் பாட்டை அப்படியே நம்ப வேண்டாம். பழுத்த தகடு தண்ணீர் படாமலே கிழியும். உள்ளே அரித்து மெலிந்த தகடு பழுக்காமலேயே கிழியும்.

தடுக்க வழிகள் இருந்தன. பாய்லர் முகப்பில் மூன்று சின்னக் குழாய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக: மேல் குழாயைத் திறந்தால் ஆவி வரணும், கீழ்க் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரணும். நெருப்பு போடுகிறவன் கால்மணிக்கொரு தரம் திறந்து சத்தத்தைக் கேட்க வேண்டும். தகட்டில் வெள்ளீயம் அடைத்த திருகு ஒன்று இருக்கும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். தண்ணீர் மூடியிருக்கும்வரை அந்தச் சூடு ஏறாது, மட்டம் இறங்கினால் வெள்ளீயம் உருகி ஆவி சீறி நெருப்பை அணைத்து எச்சரிக்கும். சேஃப்டி வால்வு இருக்கும். நீர் ஊட்ட பம்பு, பிற்பாடு 1858-ல் ஜிஃபார் கண்டுபிடித்த இன்ஜெக்டர்.

எல்லாம் இருந்தும் ஏன் வெடித்தன? நெருப்பு போடும் வேலைக்குக் குறைந்த கூலிக்குக் கிடைத்த பையனை வைத்தார்கள். அவனே விறகும் சுமப்பான், கட்டையும் உருட்டுவான். ஓடைச் சேற்று நீரை அப்படியே ஊட்டியதால் குழாய்கள் அடைத்தன. தடித்த கட்டை வந்தால் இஞ்சின் திணறாமலிருக்க, சேஃப்டி வால்வின் நெம்புகோலில் தொங்கும் எடையோடு கூடுதலாக ஓர் இரும்புத் துண்டைக் கட்டினார்கள். பாய்லரே மூன்றாம் கை, நான்காம் கை வாங்கியதாக இருக்கும். சட்டம் என்ற ஒன்று ஒழுங்காக வந்தது மிகப் பின்னால்: 1905-ல் மாசசூசெட்ஸ் பிராக்டனில் ஒரு காலணித் தொழிற்சாலை பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தபின் 1907-ல் அந்த மாநிலம் விதி கொண்டுவந்தது, அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்தின் பாய்லர் விதிநூல் வெளியானது 1915-ல். சின்ன மில்களின் பொற்காலம் அதற்குள் முடிந்துவிட்டது.

தீ இன்னொரு சாபம். உலர்ந்த மரத்தூள், புகைபோக்கியிலிருந்து பறக்கும் பொறி, எண்ணெய் ஊறிய தரை. உள்ளூர் வரலாறுகளில் 'எரிந்தது, மறுபடி கட்டினார்' என்று ஒரே மில்லுக்கு இரண்டு மூன்று முறை வருவதைப் பார்த்து வியக்க வேண்டாம். கொட்டகை போனாலும் இரும்பு மிஞ்சும். அந்த இஞ்சினையே துடைத்து வேறு இடத்தில் நிறுத்துவார்கள், அல்லது விற்பார்கள்.

இந்த இடம்பெயர்தலில்தான் உங்கள் கேள்வியின் விடை இருக்கிறது. தண்ணீர் மில் இடத்தை விட்டு அசைய முடியாது. அதனால் அதைச் சுற்றிக் கடை, கொல்லன் பட்டறை, தபால் நிலையம் என்று ஊரே முளைத்தது. நீராவி மில் மரத்தைத் தேடிப் போகிற சாதி. கட்டையைப் பத்து மைல் இழுப்பதைவிட மில்லை இழுப்பது லாபம், ஏனென்றால் கட்டையில் கணிசமான பங்கு பட்டையும் தூளும்தான். ஒரு காட்டுத் துண்டை முடித்ததும் சட்டத்தைக் கழற்றி அடுத்த காட்டுக்குப் போய்விடுவார்கள். தென் மாநிலங்களில் இந்தச் சின்ன மில்களுக்கு 'பெக்கர்வுட் மில்' என்று கேலிப் பெயர். மரங்கொத்தியின் பெயரைத் திருப்பிப் போட்டது. மாவு அரைக்கும் பெட்டியும் கூடவே போனதுண்டு. ஊரார் பழகிவிட்டதால் மாவுப் பக்கம் மட்டும் கொஞ்ச காலம் தங்கியதும் உண்டு.

மாவு வியாபாரத்தைக் கொன்றது மின்னியாபொலிஸ் நகரம். 1870-களில் அங்கே தவிட்டை ஊதிப் பிரிக்கும் இயந்திரமும், அடுத்தடுத்து இரும்பு உருளைகளும் வந்து, கல் மில்லால் கொடுக்க முடியாத வெள்ளை மாவைக் கொடுத்தன. 1878 மே 2 அன்று அங்கே வாஷ்பர்ன் ஏ மில் மாவுத்தூசு வெடித்து 18 பேர் இறந்தார்கள். மறுபடி எழுந்தபோது இன்னும் பெரிதாக, உருளைகளோடு எழுந்தது. ரயில் அந்த மாவைக் கிராமத்துக் கடை வாசலில் இறக்கியதும், கோதுமை மூட்டையோடு மில்லுக்கு வருபவர் குறைந்தார்கள். மக்காச்சோள மாவை உருளை வெல்ல ரொம்ப நாளானது, அதனால் தெற்கே கல் மில் நீடித்தது. மர அறுவைக்கு மரணம் இல்லை, இஞ்சின்தான் மாறியது: பெட்ரோல் இஞ்சின், 1917-க்குப்பின் ஃபோர்ட்சன் டிராக்டரின் பெல்ட் புல்லி, பிறகு டீசல். காலையில் ஒன்றரை மணி நேரம் முன்னதாக வந்து நெருப்பு மூட்டும் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க யாருக்கும் மனமில்லாமல் போயிற்று.

உங்கள் மில்லைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், 1850 முதல் 1880 வரையிலான கணக்கெடுப்புகளின் தொழில் அட்டவணைகளில் தொடங்குங்கள். ஆண்டுக்கு 500 டாலருக்கு மேல் உற்பத்தி செய்த மில்கள் அதில் வரும்: எந்தச் சக்தியில் ஓடியது, எத்தனை ஆள், எவ்வளவு கூலி. 1880-ல் மர மில்லுக்கும் மாவு மில்லுக்கும் தனித்தனிப் படிவம். அதனால் ஒரே பெயர் இரண்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கவுண்டி வரைபடங்களில் சின்னச் சதுரமும் 'எஸ். எம்.' (சா மில், அதாவது மர அறுவை மில்) என்ற எழுத்தும் தேடுங்கள். அந்த எழுத்து தண்ணீர் மர மில்லையும் குறிக்கலாம் என்பதால் பக்கத்தில் ஓடை வரைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அடமானப் பத்திரங்களில் இஞ்சினையும் பாய்லரையும் தயாரிப்பாளர் பெயரோடு எழுதியிருப்பார்கள். இஞ்சின் எந்த ஊரிலிருந்து வந்து எங்கே போனது என்று சில சமயம் பத்திரம் பத்திரமாகத் தொடரலாம்.

தரையில் தேடினால், புல் சரியாக முளைக்காத மென்மையான மேடு ஒன்று மரத்தூள் குவியலாக இருக்கலாம். நூறு வருடம் கழித்தும் மண்வெட்டி வைத்தால் கீழே பழுப்பாகத் தூள் வரும். பக்கத்தில் கரி படிந்த செங்கல் சிதறிக் கிடந்தால் பாய்லரைச் செங்கல் கட்டுக்குள் நிலையாக வைத்திருந்தார்கள் என்று அர்த்தம். கொஞ்ச வருடமாவது அங்கேயே இருக்கும் எண்ணத்தோடு வந்தவர்கள். செங்கல்லே இல்லாமல் தூள் மட்டும் இருந்தால் சக்கரம் வைத்த இஞ்சின். கிணறோ கல் கட்டிய ஊற்றோ சில கெஜத்துக்குள் இருக்க வேண்டும். பழைய பண்ணை வீட்டு வாசற்படியில் வட்டக் கல் கிடந்தால் புரட்டிக் காடிகளைப் பாருங்கள். சாலைக்கு அடியில் ஓடும் மழைநீர்க் குழாய் எதுவும் அசாதாரணமாகத் தடித்த, ரிவெட் வரிசை வைத்த இரும்பாக இருந்தால் அதையும் விடாதீர்கள். ஓய்வுபெற்ற பாய்லர்களின் இரு முனையையும் வெட்டிவிட்டு அப்படிப் புதைப்பது வழக்கம்.

ஓடுவதைப் பார்க்க ஆசையிருந்தால் நியூயார்க் மாநிலத்தின் ஈஸ்ட் மெரிடித்தில் ஹான்ஃபோர்டு மில் இருக்கிறது. 1846-ல் தண்ணீர் மர மில்லாகத் தொடங்கி, மாவு, நீராவி, மின்சாரம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு 1967 வரை வியாபாரமாகவே ஓடிய இடம், இப்போது அருங்காட்சியகம். கலிபோர்னியா செபாஸ்டபோல் பக்கத்தில் ஸ்டர்ஜன் மில்லைத் தன்னார்வலர்கள் ஆண்டில் சில வார இறுதிகளில் நீராவியிலேயே ஓட்டுகிறார்கள். போனால் ரம்பத்தின் நேர் கோட்டில் நிற்காதீர்கள், ஓரமாக நில்லுங்கள்.